எந்த வேதத்துல எழுதியிருக்கு?



இந்த இதழுக்கு வேறொரு தலையங்கம் எழுதி வைத்திருந்தேன். வேம்பாரிலிருந்து வந்த ஒரு கடிதம் அதை ஓரங்கட்டிவிட்டது. நோட்டிலிருந்து கிழித்த நாலு தாள். எழுதியவர் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு தங்கச்சி. எட்டாவது வரை படித்தவர். கல்யாணமாகி வேம்பாருக்கு வந்தவர். பிறந்த ஊர் வேறு. தன் பெயரும் அந்த ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நானும் சொல்லப்போவதில்லை.

நடந்தது இதுதான். போன கோடையில் அவருடைய அப்பா இறந்துபோனார். கரிமூட்டம் போட்டே நெஞ்சு காய்ந்த மனுஷன். சேதி கேட்டு மூத்த பிள்ளை வந்தது. ஆம்பிளப் பிள்ளையாக வளர்ந்து, பதினேழு வயதில் அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடி, பத்து வருஷம் கழித்துச் சேலை கட்டித் திரும்பி வந்த பிள்ளை. வீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில்தான் பெரியவர்கள் நாலைந்து பேர் குறுக்கே நின்றார்கள். "உள்ள வரப்பிடாது. இது இன்னைக்கு நேத்து வந்த சட்டமில்ல. யூதர் காலத்துல இருந்து வேதத்துல எழுதியிருக்கு. கர்த்தருக்கு அருவருப்பு." பெற்ற அப்பன் குழிக்கு ஒரு பிடி மண் போட முடியாமல் அந்தப் பிள்ளை ரோட்டோரத்து உடைமரத்தடியில் நின்றது. எல்லாரும் வெளியே வரும்வரை அப்படியே நின்றது. பிறகு பஸ் ஏறிப் போய்விட்டது.

தங்கச்சி கேட்கிறார்: "அண்ணே, எங்க அண்ணன் இப்ப எனக்கு அக்கா. அத நான் ஏத்துக்கிட்டேன். ஆனா வேதத்துல எழுதியிருக்குன்னு சொல்லுதாகளே, அதுக்கு எனக்குப் பதில் தெரியல. யூதருங்க நெசமாவே அப்பிடித்தான் எழுதி வச்சிருக்காகளா? இப்பவும் அப்பிடித்தான் சொல்லுதாகளா? எம்மவளுக்கு ஆறு வயசு. நாளைக்கு அவ வந்து, எனக்கு ஒரு பொம்பளப் பிள்ளையத்தான் பிடிச்சிருக்குன்னு சொன்னா நான் என்ன செய்ய?"

கடிதத்தில் அவர் எழுதாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தக் கல்லறைத் தோட்டம் எப்படி வந்தது? சாதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறையில் நம் பிணத்துக்கு இடம் தர மறுத்ததால், நம் தாத்தாமார் முள்ளு வெட்டி, தரை சமப்படுத்தி, தனியாக உண்டாக்கிக்கொண்ட இடம் அது. பிணத்தில்கூடத் தீட்டுப் பார்த்தவர்கள் நம்மை விரட்டியதால் பிறந்த தோட்டம். அதன் வாசலில் நின்றுகொண்டு நாம் ஒருத்தியை விரட்டியிருக்கிறோம். மூன்று நாளாக இது என்னைத் தூங்கவிடவில்லை.

தலித் விடுதலைப் பத்திரிகைக்கு இந்த வேலை எதற்கு என்று சில தோழர்கள் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கு ஒரு பழைய வழக்கை நினைவுபடுத்துகிறேன். மராத்தியில் ர. தோ. கார்வே 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்று ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார். பாலுறவு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அதில் நேர்மையாகப் பதில் எழுதினார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934இல் பம்பாயில் அவருக்காக வாதாட எழுந்து நின்ற வக்கீல் யார் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர்! வழக்கு தோற்றது, கார்வே அபராதம் கட்டினார். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது குற்றமில்லை என்று நின்றவர் நம்முடைய தலைவர். அந்த வழியில்தான் தங்கச்சியின் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"யூதர் வேதத்துல அப்பிடி இருக்கா, இல்லையா?"

இருக்கிறது. மழுப்ப வேண்டியதில்லை. யூதர்கள் தோரா என்று சொல்லும் ஐந்து ஆகமங்களில் மூன்றாவது லேவியராகமம். அதன் 18, 20 ஆகிய அதிகாரங்களில் ஆணோடு ஆண் கூடுவதற்குத் தடை உண்டு. 20ஆம் அதிகாரம் கொலைத் தண்டனையே சொல்கிறது. ஆண் பெண் உடையையும் பெண் ஆண் உடையையும் உடுத்தக்கூடாது என்று உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கல்லறை வாசலில் நின்ற பெரியவர்கள் மனசில் வைத்துப் பேசியது இவற்றைத்தான்.

சரி, இன்னும் கொஞ்சம் பக்கத்தைப் புரட்டுவோம். அதே லேவியராகமம் 11ஆம் அதிகாரம். கடலில் வாழ்கிறவற்றில் சிறகும் செதிளும் இல்லாத எதையும் தின்னக்கூடாது என்கிறது. இறால், நண்டு, கணவாய், சிப்பி, சங்குச் சதை எல்லாம் விலக்கு! அங்கேயும் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதே 'அருவருப்பு' என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறது. (எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் வேறு வேறு சொற்கள், தமிழில் வாசிக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.) முத்துச் சிப்பியும் சங்கும் எடுத்து வாழ்ந்த கடற்கரை இது. இந்தச் சட்டத்தை வைத்து யாராவது ஒரு நண்டுக்காரனைக் கல்லறை வாசலில் நிறுத்தியிருக்கிறார்களா? 19ஆம் அதிகாரம் இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. வாசலில் குறுக்கே நின்றவர்களில் எத்தனை பேர் உடம்பில் டெரிகாட்டன் சட்டை இருந்ததோ!

"அதெல்லாம் புதிய ஏற்பாட்டுல மாறிப்போச்சு, பேதுரு கண்ட தரிசனத்துல எல்லா உணவும் சுத்தமாயிடுச்சு" என்று பதில் வரும். நியாயமான பதில்தான். ரோமருக்கு எழுதின நிருபத்தில் பவுல் தன்பால் உறவைக் கண்டித்தார் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அதுவும் இருக்கிறது. அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நிருபங்களில் இருக்கிறதே, அதை இன்று எந்தப் பிரசங்கியார் மேடையேறிப் போதிக்கிறார்? ஆக, எழுதியிருப்பது எல்லாவற்றையும் யாரும் கடைப்பிடிக்கவில்லை. ஒன்றை எடுக்கிறார்கள், ஒன்றை விடுகிறார்கள். எடுப்பதும் விடுவதும் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. மனுதர்மத்தை வைத்துக்கொண்டு நாம் கேட்ட அதே கேள்வி.

அந்த வேதம் தனக்குள்ளேயே தர்க்கம் பண்ணுகிறது என்பதையும் தங்கச்சி தெரிந்துகொள்ள வேண்டும். விதையடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது என்கிறது உபாகமம் 23ஆம் அதிகாரம். பின்னால் வந்த ஏசாயா 56ஆம் அதிகாரம் அதைத் திருப்பிப் போடுகிறது. கடவுளுடைய உடன்படிக்கையைப் பற்றிக்கொள்ளும் அண்ணகர்களுக்கு, அவருடைய ஆலயத்திலேயே, மகன் மகளைவிட மேலான பெயர் உண்டு என்று வாக்குக் கொடுக்கிறது. வாசலை அடைத்ததும் திறந்ததும் ஒரே வேதத்தில்தான்! அடைத்த பக்கம் மட்டும் நம் பெரியவர்களுக்கு மனப்பாடமாக இருப்பது எப்படி?

யூத ரபிமார் சுமார் கி.பி. 200இல் தொகுத்த மிஷ்னா என்ற நூலையும் சொல்ல வேண்டும். ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத உடம்புகளைப் பற்றி அதில் விவாதமே நடக்கிறது. ஆண் குறியும் பெண் குறியும் சேர்ந்தவர் ஒரு வகை. எதுவென்று வெளியே தெரியாதவர் இன்னொரு வகை. இவர்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ரபி யோசே என்பவர், அப்படிப் பிறந்தவர் தனக்கென ஒரு தனிப் படைப்பு, ஆண் என்றோ பெண் என்றோ தீர்ப்புச் சொல்ல அறிஞர்களால் முடியவில்லை என்றார். முதல் மனிதனே இருபாலும் சேர்ந்துதான் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய ரபிகளும் உண்டு. அந்தக் கால ரபிமார் இன்றைய திருநங்கையரை ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் கதை விடவில்லை. அவர்கள் கவலை சட்டத்தைப் பற்றியது. ஆனால் இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் உண்டு, நம் நடுவில்தான் வாழ்கிறார்கள் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. 1800 வருஷம் கழித்து நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அதுகூடப் புரியவில்லை.

"இப்ப உள்ள யூதருங்க என்ன சொல்லுதாக?"

ஒரே குரலில் சொல்லவில்லை. மரபுவழி யூதர்கள் தடை தடைதான் என்கிறார்கள். ஆனால் அவர்களிலும் பல ரபிகள் 2010இல் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்: சட்டம் மாறாது, ஆனால் தன்பாலீர்ப்பு உள்ளவரை அவமதிக்கவோ ஜெபாலயத்திலிருந்து விரட்டவோ கூடாது என்று. அமெரிக்காவின் சீர்திருத்த யூத ரபிமார் அமைப்பு 1990இல் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் ரபியாகலாம் என்று ஏற்றது. 2000இல், ஒரே பாலின இணைகளின் சடங்கை நடத்திவைக்கும் ரபிகளுக்கு ஆதரவு கொடுத்தது. 2015இல் சீர்திருத்தச் சபைகளின் ஒன்றியம் திருநர் உரிமைக்காகத் தனித் தீர்மானம் போட்டது. நடுவழியில் நிற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவு 2006இல் கதவைப் பாதி திறந்தது. இதெல்லாம் மேலே இருந்து கொட்டிய கருணை இல்லை. உள்ளே இருந்தவர்கள், "நானும் யூதன்தான், நான் எங்கே போகணும்?" என்று போகாமல் நின்று கேட்டதால் வந்தது.

யூதர் என்றதும் இஸ்ரேலை நினைத்து முகம் சுளிக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு வேறு, ஒரு மதத்தின் மக்கள் வேறு. காசாவில் நடந்த கொலைகளைக் கண்டிக்க யூதரை வெறுக்க வேண்டியதில்லை. மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற யூத மருத்துவர் 1919இல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்கச் சொல்லி 1897 முதல் போராடியவர். 1931இல் இந்தியாவுக்கும் வந்து போனார். 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் அந்த நிறுவனத்தைச் சூறையாடி அதன் நூல்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். யூதருக்கு மஞ்சள் நட்சத்திரம், தன்பால் உறவாளருக்கு இளஞ்சிவப்பு முக்கோணம், வதைமுகாம் ஒன்றுதான். ரத்தத் தூய்மை பேசுகிறவன் கடைசியில் உடம்புத் தூய்மையும் பேசுவான். இந்தப் பாடம் நமக்கு அப்புறம் தேவைப்படும்.

"நம்ம கடக்கரைக்கும் யூதருக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?"

இருக்கிறது தங்கச்சி. நானும் வேம்பார்க்காரன்தான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பனங்காடு, ஒதுக்குப்புறத்தில் நம்ம தெரு. பரதவர்கள் 1530களில் ஞானஸ்நானம் பெற்ற ஏழு துறைகளில் வேம்பாரும் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழில் முதலில் அச்சேறிய புத்தகங்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது, அதைத் தந்தவர் இந்த முத்துக்குளித்துறையில் வேலை செய்த அண்டிரிக் அடிகளார் என்பதும் பாடத்தில் வந்தது. அவர் யார் என்பதைச் சொல்லவில்லை. என்ரிக் என்ரிக்கஸ் என்ற அந்தப் போர்ச்சுக்கீசியர் யூத வம்சத்தில் வந்தவர். கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாகி 'புதிய கிறிஸ்தவர்' என்று முத்திரை குத்தப்பட்ட கூட்டம். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். பூர்வீகம் தெரிந்ததும் வெளியேற்றினார்கள். அதன் பிறகுதான் 1545இல் இயேசு சபையில் சேர்ந்து, அடுத்த வருஷம் கப்பலேறி இந்தியா வந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் இங்கே உழைத்து 1600இல் இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1593இல், அவருடைய இயேசு சபையே யூத வம்சத்தாரைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அது முழுசாக ரத்தானது 1946இல்!

அந்தக் காலப் போர்ச்சுக்கலில் இதற்கு 'ரத்தத் தூய்மை' என்று பெயர். நம்ம சாதியைப் பார்த்துப் போர்ச்சுக்கீசியர் வைத்த 'காஸ்டா' என்ற சொல்லிலிருந்துதான் ஆங்கிலக்காரனின் 'காஸ்ட்' வந்தது. அவர்களுடைய மத விசாரணை மன்றம் யாரையெல்லாம் பிடித்து விசாரித்தது? ரகசியமாக யூத முறையைக் கடைப்பிடித்தவர்களை. ஆணோடு ஆண் கூடியவர்களையும். இரண்டு குற்றத்துக்கும் ஒரே கூண்டு. 1560இல் அந்த மன்றம் கோவாவுக்கும் வந்தது. அண்டிரிக் அடிகளாரைப் புரட்சிக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் பாவசங்கீர்த்தன நூல் எழுதிய சாமியார்தான். ஆனால் ரத்தத்தைக் காட்டித் துரத்தப்பட்ட ஒரு மனுஷன் கைபட்டுத்தான் நம் மொழி அச்சு கண்டது என்பதை, வேதத்தைத் தூக்கிக் காட்டுகிற நம் பெரியவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

யூதர்களும் இதற்கு விலக்கில்லை. பக்கத்துக் கொச்சியைப் பாருங்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சத்தார் யூத முறைகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தும், அந்த ஜெபாலயத்துக்குள் பெஞ்சில் உட்கார முடியாது, முன்கூடத்துத் தரைதான். கலந்து மணமும் கிடையாது. இது சரியா என்று 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த பெரிய ரபி டேவிட் இப்ன் ஜிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து கேள்வி போனது. முறைப்படி சடங்கு முடித்துவிட்டால் அவர்களும் முழு யூதர்தான், மணம் செய்யலாம் என்று பதில் வந்தது. கேட்டார்களா? கேட்கவில்லை! நூல் சாதகமாக இருந்தும் சாதி விடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அந்த வம்சத்தில் வந்த வக்கீல் ஏ. பி. சேலம் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தித்தான் இடம் வாங்கினார். 1950இல் அவருடைய மகன் ஒரு பரதேசி யூதப் பெண்ணை மணந்தபோது ஊரே எதிர்த்தது.

ஆகவே தங்கச்சி, "வேதத்துல எழுதியிருக்கு" என்று ஒருவன் சொன்னால் அவன் பாதிதான் சொல்கிறான். எழுதியிருப்பது தடையாக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்கிறான். திறப்பாக இருந்தால் மறந்துவிடுகிறான். கதவைக் காப்பது வேதம் இல்லை, காவல்காரன்.

நம் மொழிபெயர்ப்பிலேயே ஓர் ஆதாரம் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு ஒரு எத்தியோப்பியனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். கறுப்பு மனிதன், யூதனாகப் பிறக்காதவன். கிரேக்க மூலத்தில் அவனைக் குறிக்கும் சொல்லுக்கு அண்ணகன் என்று பொருள். நாம் காலங்காலமாக வாசித்துவரும் தமிழ் வேதாகமத்தில் அவன் 'மந்திரி' ஆகிவிட்டான்! நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று அவன் கேட்கிறான். பிலிப்பு ஒரு தடையும் சொல்லவில்லை. அண்ணகனும் இன்றைய திருநங்கையும் ஒன்று என்று சொல்ல முடியாது. ஆனால் உடம்பைக் காட்டி ஒதுக்கப்பட்டவன் ஒருவன் சபையின் முதல் காலத்திலேயே உள்ளே வந்திருக்கிறான். தமிழில் வாசிக்கிற நமக்கு அது தெரியாமலே போய்விட்டது.

கத்தோலிக்கர் இன்று எங்கே நிற்கிறார்கள்? திருநர்கள், ஊருக்குள் இடறலோ குழப்பமோ வராத நிலையில், மற்ற விசுவாசிகளைப் போலவே ஞானஸ்நானம் பெறலாம் என்று ரோம் 2023 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 18இல், ஒரே பாலின இணைகளுக்குத் திருமணச் சடங்குபோல இல்லாமல் எளிய ஆசீர் தரலாம் என்றது. 2024 ஏப்ரலில் வந்த இன்னொரு ஆவணம் பால்மாற்று அறுவையை எதிர்த்தது. ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால். ஆனால் எந்தத் தாளிலும், பெற்ற அப்பன் குழிக்கு மண் போடாதே என்று எழுதியிருக்கவில்லை.

"திருநங்கைங்கிறதும் பொம்பளைக்குப் பொம்பளையப் பிடிக்கிறதும் ஒண்ணா? சீக்கா?"

ஒன்றில்லை. நான் யார் என்பது ஒரு கேள்வி. எனக்கு யார் மேல் பிரியம் என்பது வேறு கேள்வி. பிறந்தபோது ஆண் என்று எழுதினார்கள், உள்ளுக்குள் பெண் என்றால் திருநங்கை, மறுபக்கம் திருநம்பி. உடம்பிலேயே இரண்டுக்கும் நடுவாகப் பிறந்தவர் இடைப்பால். தன் பாலினத்தார் மேலேயே பிரியம் வருவது தன்பாலீர்ப்பு. சீக்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2019இல் ஏற்ற புதிய பட்டியலில் திருநர் அடையாளத்தை மனநோய்ப் பிரிவிலிருந்து நீக்கியது. 2021 ஜூன் 7இல், மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், இவர்களை 'மாற்றுகிறேன்' என்று எந்த மருத்துவரும் சிகிச்சை செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். ஆகவே நாளைக்கு உன் மகள் வந்து சொன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சோறு போட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக் கேள். வேப்பிலை அடிக்கவோ எண்ணெய் பூசி ஜெபிக்கவோ கூட்டிக்கொண்டு போகாதே.

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய 377ஆம் பிரிவு, வயது வந்தவர்களின் சம்மத உறவைத் தொடக்கூடாது என்று 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2014 ஏப்ரல் 15 தீர்ப்பு, தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையைத் திருநருக்குத் தந்தது. நம் மாவட்டத்திலேயே ஒரு கதை உண்டு. 2018 அக்டோபர் 31இல் தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஒரு இளைஞரும் ஒரு திருநங்கையும் மணமுடித்தார்கள். பதிவு செய்ய மறுத்தார்கள். வழக்கு மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22இல் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பெழுதினார். இடைப்பால் குழந்தைகளுக்கு அவசியமில்லாமல் அறுவை செய்வதைத் தடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்பு. அந்த ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை போட்டது. ஒரு பழைய சொல்லைப் புதிதாக வாசித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ மணமுடிக்கும் உரிமையை 2023 அக்டோபர் 17இல் உச்சநீதிமன்றம் தரவில்லை. வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

கடைசியாக நம்ம கதை. ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் அது அயோக்கியத்தனம்.

1991, அம்பேத்கர் நூற்றாண்டு. ஊர் ஊராக வீதி நாடகம் போட்டோம். எங்கள் குழுவில் ஒருத்தன் இருந்தான். பறையடித்தால் தெருவே கூடும். நடையில் ஒரு நளினம். அவனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஒரு நாள் ராத்திரி என்னிடம் வந்து, "அண்ணே, நான் வேற மாதிரி, உங்கிட்ட மட்டும் சொல்லுதேன்" என்றான். நான் என்ன சொன்னேன்? "மொதல்ல சாதி ஒழியட்டும்டா, இதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்." மறுநாள் அவன் வரவில்லை. பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. "மொதல்ல சுதந்திரம், அப்புறம் சாதி" என்று சொன்னவர்களை இத்தனை வருஷமாக மேடையில் கிழிகிழி என்று கிழித்த நான், அதே வாக்கியத்தை ஒரு தலித் பிள்ளை முகத்தில் எறிந்திருக்கிறேன்.

இரண்டும் இரண்டு போராட்டமில்லை என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். தூத்துக்குடிக்காரரான தோழர் கிரேஸ் பானு, தலித்தாகவும் திருநங்கையாகவும் அடி வாங்கி, பொறியியல் கல்லூரிக்குள் போனவர். அவரும் தோழர்களும் கேட்பது கிடைமட்ட இடஒதுக்கீடு. அதாவது, திருநர் என்பதற்காக எல்லாரையும் ஒரே பெட்டியில் போடாதே. தலித் திருநங்கைக்குத் தலித் ஒதுக்கீட்டுக்குள், பிற்பட்டவருக்கு அதற்குள் தனி இடம் கொடு. 2015இல் தமிழக அரசு திருநரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. பாலினத்தைச் சாதியாக்கிய அந்த ஆணையை ஏற்காமல், 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் 1 விழுக்காடு கிடைமட்ட ஒதுக்கீடு தரச் சொன்னது. கர்நாடகம் 2021லேயே கொடுத்துவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கையர் கூட்டுறவுச் சங்கம் வைத்து மாடு வளர்த்துப் பால் ஊற்றினார்கள். இவர்களுடைய ஒதுக்கீட்டுக் கோரிக்கை நம் மாநாட்டுத் தீர்மானத்தில் பத்தாவதாக, 'மற்றும்' என்று போட்டு ஒட்டவைக்க வேண்டியதில்லை. அது நம் கோரிக்கை.

பிறப்பைக் காட்டி நம்மைத் தள்ளினார்கள். நாம் உடம்பைக் காட்டி நம் பிள்ளைகளைத் தள்ளுகிறோம். தள்ளுகிற கை மாறியிருக்கிறது, சட்டம் அதேதான். அந்தக் கையை முதலில் நாம் இறக்காமல், மற்றவன் நம்மைத் தொடவில்லை என்று கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தங்கச்சி, முத்துக்குளிப்பு நின்றுபோய் அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் நம்ம கடற்கரையில் ஒன்று சொல்லுவாக: கடலுக்குள் குதிக்கிறவன் மேலே கயிறு பிடிக்கிறவனை நம்பித்தான் குதிக்கிறான். உன் அக்கா பத்து வருஷம் கயிறில்லாமல் கிடந்திருக்கிறாள். அவளுக்கு நீ எழுது. வருகிற நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்றைக்கு வரச் சொல். நானும் இந்தப் பத்திரிகைத் தோழர்கள் ஏழெட்டுப் பேரும் வந்துவிடுகிறோம். மெழுகுவத்தியும் பூவும் எங்கள் செலவு. வாசலில் யாராவது குறுக்கே நின்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால், ஏசாயா 56ஐ நானே வாசிக்கிறேன். அதற்கும் வழிவிடாவிட்டால், நம் தாத்தாமார் முள்ளு வெட்டி உண்டாக்கிய நிலம் அது என்பதை நினைவுபடுத்திக்கொண்டு, அங்கேயே உட்காருவோம்.

அவள் அப்பன் குழிக்கு அவள் மண் போடட்டும்.

தோழமையுடன்,
ஆசிரியர்